நாரி நோவும் யோகாசனமும்

திருவிழாக் காலங்களில் ஆலயத்திலே ஒரு காட்சியைக் காணலாம். தீபாராதனை முடிந்ததும் அடியார்கள் கொடிமரத்தடியில் விழுந்து வணங்குவர். இளைஞர்கள் விழுந்த வேகத்திலேயே எழுந்து விடுவர். ஐம்பது வயதைக் கடந்தவர்களோ ஒரு கையை நிலத்தில் ஊன்றி, மறு கையால் நாரியைப் பிடித்துக்கொண்டு, “முருகா” என்றோ “அம்மாளாச்சி” என்றோ சொல்லி மெல்ல மெல்ல எழும்புவர். இன்னும் சிலர் தூணோடு சாய்ந்து நின்று கைகூப்பிவிட்டுப் போய்விடுவர். முன்னொரு காலத்தில் கோயில் மண்டபத்தில் கதிரை என்ற பேச்சே இருந்ததில்லை. இன்று சுவரோரமாகப் பிளாஸ்ரிக் கதிரைகள் வரிசையாகப் போடப்படுகின்றன. அவற்றில் இருப்போர் யாவரும் முதியவர்கள் என்று எண்ண வேண்டாம். நாற்பது வயதினரும் உளர்.

காரணம் கேட்டால் பெரும்பாலும் வரும் விடை ஒன்றுதான்: “நாரி நோகுது.” முதுகின் கீழ்ப்பகுதியை நம்மவர் நாரி என்பர். இந்நோவு நம் கிராமங்களுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 619 மில்லியன் மக்கள் கீழ்முதுகு நோவுடன் வாழ்ந்தனர். 2050ஆம் ஆண்டில் இத்தொகை 843 மில்லியனாக உயரும் என மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதரை வேலை செய்ய இயலாதவராக்கும் நோய்களின் வரிசையில் முதலிடம் இதற்கே. உயிரைக் கொல்லாத நோய் என்பதால் இதனை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் தோட்டத்துக்குப் போக முடியாத கமக்காரனுக்கும், பிள்ளையைத் தூக்க முடியாத தாய்க்கும், சுவாமி முன் விழுந்து கும்பிட முடியாத அடியவருக்கும் இதனால் உண்டாகும் துயரம் சிறிதன்று.

உடம்பைப் பேணுவது சைவத்துக்குப் புறம்பான விடயமும் அன்று. உடம்பை முன்னர் இழிவாக எண்ணியிருந்த திருமூல நாயனார், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதனைப் பேணலானதாகத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே கூறுகின்றார். அதே தந்திரத்திலேதான் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் அட்டாங்க யோகமும் விளக்கப்படுகின்றது. ஆதனம், அதாவது ஆசனம், இவ்வெட்டில் மூன்றாவது படி மட்டுமே.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமற் சொல்லிவிட வேண்டும். பழைய யோக நூல்கள் நாரி நோவுக்கு மருந்தாக எழுதப்பட்டவை அல்ல. பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றிச் சொல்வது மிகக் கொஞ்சம். நிலையாகவும் சுகமாகவும் இருக்கும் இருக்கையே ஆசனம் என்பது அதன் கருத்து. நெடுநேரம் தியானத்தில் இருப்பதற்கு உடம்பு இடையூறு செய்யாதிருக்க வேண்டும் என்பதே அந்நூல்களின் நோக்கம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களையே விவரிக்கின்றது. இன்று நாரி நோவுக்குப் பெரிதும் சொல்லப்படும் புஜங்காசனமும் சலபாசனமும் அதில் இல்லை. அதற்குப் பின்வந்த கேரண்ட சங்கிதையில், 32 ஆசனங்களின் வரிசையில், அவை காணப்படுகின்றன.

ஆசனங்களை உடல்நலத்துக்கான பயிற்சியாகப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவர்கள் 20ஆம் நூற்றாண்டினரே. சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாம நிலையத்தைத் தொடங்கி, ஆசனங்களின்போது உடம்பில் நிகழ்வனவற்றைக் கருவிகள் கொண்டு ஆராய்ந்தார். மைசூர் அரண்மனையின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் பலரைப் பயிற்றினார். அவருடைய மாணாக்கரான பி. கே. எஸ். ஐயங்கார் (1918 - 2014) கயிறு, மரக்கட்டை, கதிரை, மடித்த போர்வை முதலியவற்றைத் துணையாகக் கொண்டு, உடம்பு வளையாதவரும் ஆசனம் பயிலும் வழியைக் காட்டினார். திருநெல்வேலிப் பத்தமடையிற் பிறந்து, மலாயாவில் வைத்தியராக இருந்து, பின் துறவு பூண்டு ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1950இல் இலங்கைக்கும் வந்து சென்றார். அவருடைய சீடரான சுவாமி சச்சிதானந்தர் 1953இல் இங்கு அனுப்பப்பட்டுத் திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் ஆச்சிரமம் அமைத்து யோகம் கற்பித்தார். ஆகவே யோகாசனம் அண்மையில் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான நாகரிகம் என்று சில பெரியவர்கள் கூறுவது பொருந்தாது.

நோவு வரும் வழி

முள்ளந்தண்டிலே 33 என்புகள் உள்ளன. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறத்தில் 12, நாரியில் 5. இவற்றின் கீழே ஒன்றாகப் பொருந்திய 5 என்புகளும், வால்போன்ற நுனியில் 4 சிறு என்புகளும் இருக்கின்றன. அசையும் என்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. தட்டின் நடுப்பகுதி பெரும்பாலும் நீர் கொண்ட களி போன்றது. சுற்றிலும் உறுதியான நார் வளையங்கள். வளர்ந்தவரின் தட்டுகளுக்குள்ளே இரத்தக் குழாய் செல்வதில்லை என்றே சொல்லலாம். அப்படியாயின் அதற்கு உணவு எப்படிப் போகின்றது? நாம் நடக்கும்போதும் வளையும்போதும் நிமிரும்போதும் தட்டு அமுங்கியும் விரிந்தும், நீரில் அமிழ்த்திப் பிழிந்த கடற்பஞ்சு போல, சுற்றிலுமிருந்து சத்தை உறிஞ்சிக் கொள்கின்றது. அசைவுதான் அதற்குச் சாப்பாடு. நாள்முழுதும் அசையாதிருப்பவரின் தட்டு பட்டினி கிடக்கின்றது.

எனினும் நாரி நோவுள்ளவர்களிற் பெரும்பாலானோருக்கு, பத்தில் ஒன்பது பேருக்கு என்றே சொல்லலாம், இன்ன என்பு, இன்ன தட்டு என்று சுட்டிக்காட்டக்கூடிய பழுது எதுவும் இருப்பதில்லை. எக்ஸ்றே எடுத்துத் ‘தேய்மானம்’ என்று கேட்டவுடன் மனமுடைந்து போகிறவர்கள் பலர். தேய்மானம் நரை போன்றது. நோவே இல்லாத முதியவர்களைப் படம் பிடித்தாலும் அது தெரியும். தசைகளின் பலவீனம், ஓரே நிலையில் நெடுநேரம் இருத்தல், பாரம் தூக்கும் முறையில் தவறு, நித்திரைக் குறைவு, மனக்கவலை ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்தே நோவை வளர்க்கின்றன.

கந்தோரில் முப்பது ஆண்டுகள் கதிரையில் குனிந்திருந்து கோவைகளைப் பார்த்தவருக்கும், வெங்காயத் தறையில் குனிந்து நின்று புல்லுப் பிடுங்கியவருக்கும் ஒரே நோவு வருவது வியப்பாகத் தோன்றலாம். இருவருமே குனிந்தவர்கள்! சுவீடன் நாட்டு வைத்தியரான நாக்கெம்சன் 1960களில் முள்ளந்தண்டுத் தட்டினுள்ளே ஊசியைச் செலுத்தி அமுக்கத்தை அளந்தார். படுத்திருக்கும்போது அமுக்கம் மிகக் குறைவு, நிற்கும்போது கூடியது, முன்னே சரிந்து இருக்கும்போது அதனிலும் கூடியது, குனிந்து பாரம் தூக்கும்போது மிகக் கூடியது. பிற்காலத்து அளவீடுகளில் எண்கள் சற்று வேறுபட்டாலும், குனிந்து தூக்குவதே தட்டுக்குப் பெருஞ்சுமை என்பது மாறவில்லை.

இன்னுமொன்று. இரவு படுத்திருக்கையில் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. அதனாலேயே காலையில் ஒருவருடைய உயரம் மாலையைவிட ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் கூடியிருக்கும். பருத்துள்ள தட்டை அந்நேரத்தில் வளைத்து நெரித்தால் நார் வளையங்களுக்குக் கேடு. விடியற்காலையில் பாயை விட்டெழுந்தவுடன் குனிந்து முற்றம் கூட்டும் பெண்களும், நேரே தறைக்குப் போய் மண்வெட்டி பிடிக்கும் ஆண்களும் இதனை மனங்கொள்ள வேண்டும். எழுந்தபின் ஒரு மணித்தியாலமாவது ஆழமாகக் குனியாதிருப்பது நாரிக்கு நன்று. நீண்ட பிடியுள்ள விளக்குமாறு வாங்குவதற்கு அதிகம் செலவாகாது.

படுக்கையும் குளிசையும்

நாரி பிடித்துவிட்டால் பலகையிற் படுத்துவிட வேண்டும் என்பது முன்னைய அறிவுரை. வைத்தியர்களும் அப்படியே சொன்னார்கள். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களும் ஏழு நாள் படுக்கச் சொல்லப்பட்டவர்களும் ஒப்பிடப்பட்டனர். நோவு குறைந்ததில் வேறுபாடில்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள்தாம் குறைவு. 1995இல் பின்லாந்து நாட்டு ஆய்வு, படுக்காமல் தம்மால் இயன்ற அளவு வழக்கமான வேலைகளைச் செய்தவர்களே விரைவாகக் குணமடைந்தனர் என்று காட்டியது. இன்று எந்த வைத்தியரும் நீண்ட படுக்கையைச் சொல்வதில்லை. வீட்டிலுள்ள பாட்டிமார்தாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை, அவர்கள் கேட்டது அது.

குளிசையின் கதை வேறு. வைத்தியரின் துண்டு இல்லாமலே மருந்துக் கடையில் நோக்குளிசை வாங்கி, காலையொன்று மாலையொன்றாக மாதக்கணக்கில் விழுங்குவோர் கிராமங்களில் ஏராளம். டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்றவை சில நாட்களுக்கு வைத்தியரின் மேற்பார்வையில் எடுக்கும்போது உதவுவன. தொடர்ந்து எடுத்தால் வயிற்றிலே புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். 1990களிலிருந்து வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பெருகி வந்துள்ள நாடு இது. வெயிலில் வேர்வை சிந்த வேலை செய்து, போதிய தண்ணீர் குடியாமல், அதன்மேல் நோக்குளிசையும் போட்டுக்கொள்வது சிறுநீரகத்துக்குச் செய்யும் கொடுமை. நாரி நோவோடு வாழலாம். சிறுநீரகம் பழுதடைந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டிவரும்.

நாரிப்பட்டியைப் பற்றியும் ஒரு சொல். பலர் அதனை வாங்கி வருடக்கணக்காகக் கட்டியிருக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாட்பட்ட நாரி நோவுக்கு இத்தகைய பட்டிகளைச் சிபாரிசு செய்யவில்லை. அது சிபாரிசு செய்தவற்றுள் அறிவூட்டலும் உடற்பயிற்சியும் இடம்பெற்றுள்ளன. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியோ, நாட்பட்ட நாரி நோவுக்கு மருந்துகளுக்கு முன்னர் கையாளத்தக்க முறைகளுள் யோகாசனத்தையும் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளது.

யோகத்தால் ஆவதும் ஆகாததும்

யோகாசனம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று முழங்குவோர் உளர். அவ்வாறு சொல்வது யோகத்துக்குப் பெருமையன்று. மெய்யாக ஆராய்ந்து கண்டவை எவை என்று பார்ப்போம்.

2011இல் பிரித்தானியாவில் நாட்பட்ட முதுகு நோவுடைய 313 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினர் மூன்று மாதத்தில் பன்னிரண்டு யோக வகுப்புகளுக்குச் சென்றனர். மற்றையோர் வழக்கமான வைத்தியத்தோடு இருந்தனர். ஓராண்டு கழிந்த பின்னரும் யோகம் பயின்றவர்களால் குனிதல், நடத்தல், படியேறல் முதலிய நாளாந்த அலுவல்களைக் கூடுதலாகச் செய்ய முடிந்தது. ஆனால் நோவின் அளவு இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது! இது கவனிக்க வேண்டிய இடம். நோவு முற்றாகப் போகவில்லை; நோவு இருந்தும் அவர்கள் முடங்கவில்லை. “இதனை என்னால் சமாளிக்க முடியும்” என்ற துணிவும் அவர்களிடம் கூடியிருந்தது.

அதே ஆண்டில் அமெரிக்காவில் 228 பேரிடம் நடந்த ஆய்வில், யோக வகுப்பும் சாதாரணத் தசைநீட்டற் பயிற்சி வகுப்பும் ஒரே அளவு பயன் தந்தன. புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்டவர்கள் பின்தங்கினர். 2017இல் பொஸ்ரன் நகரில், பெரும்பாலும் வறுமைப்பட்ட 320 பேரிடம் நடந்த ஆய்வில், யோகம் பிசியோதெரபிக்குக் குறைந்ததன்று எனக் காணப்பட்டது. 2022இல் 21 ஆய்வுகளையும் அவற்றிற் பங்குகொண்ட 2,223 பேரையும் ஒருங்குசேர்த்துப் பார்த்தவர்கள், பயிற்சி எதுவும் செய்யாதிருப்பதைவிட யோகத்தால் இயக்கத்திலும் நோவிலும் சிறிதளவு முன்னேற்றம் உண்டு என்றும், வேறு நல்ல பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடில்லை என்றும் முடிவு கூறினர். சிலருக்கு நோவு கூடியதையும் அவர்கள் மறைக்கவில்லை.

அப்படியானால் யோகம் எதற்கு, ஓடலாமே, நீந்தலாமே என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கிராமத்திலே அறுபது வயது அம்மா ஒருவர் ஓடப்போவதில்லை. ஒரு பாயும், ஆளில்லாத ஓர் அறையும், இருபது நிமிடமும் இருந்தால் யோகம் நடக்கும். மேலும் யோகத்தில் மூச்சும் மனமும் சேருகின்றன. நோவுக்குப் பயந்தவன் நாரியை இறுக்கிப் பிடித்தபடியே நடக்கிறான். இறுகிய தசை மேலும் நோகின்றது. நோவு கூடப் பயமும் கூடுகின்றது. நீளமாக மூச்சை விட்டுக்கொண்டு உடம்பைத் தளர்த்தப் பழகியவருக்கு இச்சங்கிலி ஓரிடத்தில் அறுகின்றது. நித்திரையும் சீர்ப்படுகின்றது. நோவு, நித்திரையின்மை, எரிச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு வீட்டின் நிம்மதியையே கெடுப்பதை அயலில் எங்கும் காணலாம்.

பயிலும் முறை

காலைக்கடன் முடித்து, எழுந்து ஒரு மணித்தியாலமாவது சென்றபின், அல்லது மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் செய்வது நல்லது. உண்டு மூன்று மணித்தியாலமாவது கழிந்திருக்க வேண்டும். வெறுஞ்சீமெந்து நிலம் ஆகாது. பாயின்மேல் மடித்த போர்வையை விரிக்கலாம். ஆசனத்தில் இழுபடும் உணர்வு இருக்கலாம், சுள்ளென்று குத்தும் நோவு இருக்கக்கூடாது. கால்வழியே கீழிறங்கும் நோவு வந்தால் அந்த ஆசனத்தை உடனே விட்டுவிட வேண்டும்.

முதலில் மல்லாந்து படுத்து, இரு முழங்கால்களையும் மடித்துப் பாதங்களை நிலத்தில் வைத்து, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை உள்ளே எடுக்கும்போது வயிறு மெல்ல உயரும், விடும்போது தாழும். உள்ளே எடுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் சற்று நீளமாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் இதுவே போதும். நோவு கடுமையாக உள்ள நாட்களில் இதோடு நிறுத்திவிடலாம்.

அடுத்தது பவனமுக்தாசனம். அதே நிலையில் வலக்காலை மடித்து, மூச்சை விட்டபடி தொடையை வயிற்றோடு அணைத்து, ஐந்து மூச்சுவரை வைத்திருந்து விடவேண்டும். பின்னர் இடக்கால். தலையைத் தூக்க வேண்டியதில்லை. பழகியபின் இரு கால்களையும் சேர்த்து அணைக்கலாம்.

பின்பு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, நாலுகாற் பிராணி போல நிற்கவேண்டும். மூச்சை விடும்போது பூனை சோம்பல் முறிப்பதுபோல முதுகை மேலே வளைத்தும், எடுக்கும்போது நாரியைக் கீழே தாழ்த்தித் தலையைச் சற்று நிமிர்த்தியும் எட்டுப் பத்து முறை செய்யலாம். இதனை மார்ஜாரி ஆசனம் என்பர். மேலே சொன்ன தட்டுகளுக்குச் சத்து ஊட்டும் அசைவு இதுவே. முதியவர்களுக்கு எல்லா ஆசனங்களிலும் இது ஒன்றுதான் வாய்க்கும் என்றாலும் குறையில்லை.

நாலுகால் நிலையிலிருந்து குதிகளின்மேல் பின்னே இருந்து, கைகளை முன்னே நீட்டி, நெற்றியை நிலத்தில் வைத்தால் அது பாலாசனம். இதைப் பெண்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு ஆகிய ஐந்தும் நிலத்தில் தோய அவர்கள் நாள்தோறும் செய்யும் பஞ்சாங்க நமஸ்காரத்துக்கு மிக நெருங்கியது இது. முழங்கால் நோவுள்ளவர்கள் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் தலையணை ஒன்றை வைத்துக் கொள்ளலாம்.

குப்புறப் படுத்துச் செய்வன அதற்கடுத்தவை. முழங்கைகளை நிலத்தில் ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்துவது புஜங்காசனத்தின் முதற்படி. படங்களில் உள்ளவாறு கைகளை முழுதாக நீட்டி முதுகை வில்லாக வளைப்பதற்குப் பலர் முதல் நாளிலேயே முனைந்து நோவைத் தேடிக்கொள்கின்றனர். முதற்படியிலேயே ஒரு மாதம் நின்றாலும் நட்டமில்லை. சலபாசனத்திலும் இரு கால்களையும் ஒன்றாகத் தூக்காமல், ஒவ்வொரு காலாக, நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தினாற் போதும். நாரியின் இருமருங்கும் ஓடும் தசைகள் இதனால் உரம் பெறும். மீண்டும் மல்லாந்து, பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தும் சேதுபந்தாசனம் பிட்டத் தசைகளுக்கு நல்லது. முதுகை உண்மையிலே தாங்குபவை அத்தசைகளே. கதிரையிலேயே காலம் கழித்தவர்களுக்கு அவை நித்திரை கொள்கின்றன.

ஈற்றில் சவாசனம். முழங்கால்களுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தால் நாரி நிலத்தோடு படியும். பத்து நிமிடம் அசையாதிருக்க வேண்டும். இதனை நேரமில்லை என்று விட்டுவிடுவோரே பெரும்பான்மை. எழும்போது நேரே நிமிராமல், ஒருபக்கம் திரும்பி, கையை ஊன்றி எழவேண்டும். பாயில் இருந்து எழுவது நாள்தோறும் அவ்வாறே அமையுமானால் அதுவே பாதி வைத்தியம்.

ஆசனம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவன சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், கால்விரலைத் தொடும் பச்சிமோத்தானாசனம் ஆகியவை. நாரி நோவுள்ளவர்கள் இவற்றைத் தாமாக முயலக்கூடாது. சூரிய நமஸ்காரத்தில் முன்குனிதல் திரும்பத் திரும்ப வருவதால், கால்வழியே நோவு இறங்குபவர்களுக்கு அதுவும் ஏற்றதன்று. புத்தகத்தைப் பார்த்தோ தொலைக்காட்சியைப் பார்த்தோ தொடங்குவதிலும், முறையாகக் கற்ற ஒருவரிடம் சில வாரமாவது நேரில் பயில்வது நன்று. வாரத்தில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் செய்வதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் பயன் தரும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும்.

உடனே வைத்தியரை நாட வேண்டியவர்களும் உளர். சலம், மலம் அடக்க முடியாமற் போதல் அல்லது சலம் கட்டிக்கொள்ளல், இருக்கும் இடத்தில் விறைப்பு, காலில் பலம் குறைதல் ஆகியவை ஒரு நாள் கூடத் தாமதிக்கக்கூடாத அடையாளங்கள். காய்ச்சலோடு வரும் நோவு, காரணமின்றி உடல் மெலிதல், முன்னர் புற்றுநோய் வந்திருத்தல், படுத்தாலும் குறையாத இரவு நோவு, பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்தபின் வந்த நோவு ஆகியவற்றுக்கும் ஆசனம் மருந்தன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு என்பு நொய்ந்திருக்கலாம். அவர்கள் முன்குனிந்து முறுக்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். 2009இல் முடிந்த போரிலே காயமுற்று, செல் துண்டுகளை உடம்பில் சுமந்து வாழ்வோர் பலர் உள்ளனர். முதுகின் அருகே அத்தகைய துண்டு உள்ளவர்கள் பயிற்சி தொடங்குமுன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் எடுக்க அனுப்பப்பட்டாலோ அங்குள்ளவர்களிடம் அதனைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது பெருங்காந்தம்.

கோயிலில் கவனிக்க வேண்டியவை

திருவிழாவிலே சுவாமி காவும் இளைஞர்கள் உற்சாகத்தில் செய்யும் தவறு ஒன்றுண்டு. வாகனத்தின் கொம்பைத் தோளில் ஏற்றும்போது காலை நீட்டி நாரியால் குனிந்து தூக்குவர். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, கால்களின் பலத்தால் எழும்ப வேண்டும். உயரம் ஒத்தவர்கள் ஒரு கொம்பில் நின்றால் பாரம் ஒருவர்மேல் சரியாது. வீதிவலம் வரும்போது நான்கு மூலையிலும் ஆள் மாறுவதை யாரும் வெட்கமாகக் கருதக்கூடாது. மடப்பள்ளியிலும் அன்னதான மடத்திலும் சோற்றுக் கிடாரத்தை ஒருவராகவே இறக்கி வீரம் காட்டுவோர்க்கும் இது பொருந்தும். தூக்கிக்கொண்டு இடுப்பை முறுக்கித் திரும்புவதுதான் மிகக் கெட்டது. பாதங்களையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

வணங்கும் முறைக்கு வருவோம். அட்டாங்க நமஸ்காரம் செய்யும் ஆண்கள் நின்ற நிலையிலிருந்து அப்படியே சரியாமல், முதலில் ஒரு முழங்காலை ஊன்றி, பின் மற்றதை ஊன்றி, கைகளை வைத்து மெல்ல நெஞ்சைத் தாழ்த்த வேண்டும். எழும்போதும் நாலுகால் நிலைக்கு வந்து, ஒரு பாதத்தை முன்வைத்து, தொடையில் கையூன்றி எழுந்தால் நாரியில் பாரம் விழாது. நமஸ்காரம் ஒருதரம், இருதரம் செய்வது குற்றம், மூன்று தரமாவது செய்ய வேண்டும் என்பது ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் எடுத்துரைத்த விதி. மூன்று தரமும் இவ்வாறு ஆறுதலாகச் செய்பவருக்கு அதுவே அன்றைய பயிற்சியில் ஒரு பகுதியாகிவிடும். விழுந்து வணங்க இயலாதவருக்கும் நூல்கள் வழி வைத்திருக்கின்றன. இரு கைகளையும் தலைமேற் குவிப்பது திரியாங்க நமஸ்காரம். அது ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது. தூணோடு சாய்ந்து நின்று கைகூப்புகிறவர் குறையான வழிபாடு செய்கிறார் என்று அயலில் நிற்பவர் எண்ண வேண்டியதில்லை. கதிரையில் இருப்பவரும் பிரசங்கம் முடியும்வரை ஒரே இருப்பாக இராமல், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து உள்வீதியை ஒரு சுற்று மெல்ல வலம்வந்து இருக்கலாம்.